உன் அம்மா குடிக்காத டானிக்

என் அருமை மகனுக்கு, உன் அய்யா எழுதுவது. இது என் கையெழுத்துதான். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கிப் போவதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை, அதனால் முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை நீ ஓரிடத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக்கொள். நீ பட்டாளத்திலிருந்து உன் அம்மாவுக்கு அனுப்பிய இரும்பு டானிக்கில் ஒரு சொட்டுக்கூட அவள் குடிக்கவில்லை. அம்மா ஒழுங்காகக் குடிக்கிறாள், தெம்பாக இருக்கிறாள், இன்னும் அனுப்பு என்று உனக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்லி எழுதவைத்த பொய். ஆகவே அந்த டானிக் அவளைக் கொல்லவில்லை. நீயும் கொல்லவில்லை. இந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்துவிட்டு அப்புறம் கீழே வா.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்று கேட்பாய். பொன்னுத்தாய் எழுதியிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் யார் துணையும் இல்லாமல் வாசித்த முதல் கடிதம் அவளுடையது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது இங்கே சாரல் தொடங்கி நாலாம் நாள். பெரிய அருவிக்குக் கீழே எண்ணெய்க்கடைக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறதே, அதில் உட்கார்ந்து, நனையாமல் இருக்கத் துண்டை மேலே பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன். ஒரு மதுரைக்காரர் இடுப்பில் துண்டோடு நின்று, "என்ன பெரியவரே, எண்ணெய் தேய்க்க வர்றீங்களா இல்லையா?" என்று சத்தம் போட்டார். "கொஞ்சம் பொறுங்க ஐயா, என் மருமக பேசிக்கிட்டிருக்கா" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜபல்பூரில் இருக்கிற பெண் குற்றாலத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கிற கிழவன் காதில் பேசுகிறாள், நடுவில் ஒரு ஆள் இல்லை. முதல் பக்கம் முழுக்க உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றே கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் திருப்பினேன்.

இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தனக்கு ஆறு மாதம் என்றும், உடம்பு வெளுத்து நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும், அங்குள்ள லேடி டாக்டர் ரத்தத்தைச் சோதித்து இரும்புச் சத்து மிகவும் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாள். அதன் கீழே எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதுகிறேன். "அவுக அந்த டானிக்க வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்காக மாமா. நான் வாங்கி வச்சதையும் வாசல்ல ஊத்திட்டாக. ஏன்னு ரெண்டு நாள் கேட்டேன். மூணாம் நாள் சொன்னாக. பட்டாளத்து ஆஸ்பத்திரில ஒரு கம்பவுண்டர், அத்தைக்கு வந்த நோய்க்கு இரும்பு குடுத்தா விஷம்னு சொன்னாராம். எங்கம்மாவுக்கு என் கையால விஷத்த வாங்கி அனுப்பினேன், இன்னொரு தடவ அந்தத் தப்பச் செய்ய மாட்டேன்னு சொல்லி அழுதாக." இதை நான் மூன்று தரம் வாசித்தேன். முதல் இரண்டு தரமும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, தப்பாக வாசிக்கிறேன் என்றே நினைத்தேன்.

அம்மா போன பிறகு நீ என்னிடம் அதிகம் பேசவில்லை. உன் கல்யாணத்தன்று வடகரையில் என் காலில் விழுந்து எழுந்தாய், "சாப்பிட்டீயளா அய்யா" என்று கேட்டாய், அவ்வளவுதான். உனக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இதைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ரயிலேறி வந்தாவது சொல்லியிருப்பேன்.

உனக்கு அந்தக் கடிதங்களை எழுதியவர் சண்முகம் அண்ணாச்சி. தென்காசித் தபாலாபீஸ் வாசலில் தகரப்பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவார், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். அம்மா போன செய்தியை உனக்கு எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வே, உமக்கு எழுதிக் குடுத்துக் குடுத்து எனக்கும் பொய் பழகிப் போச்சு. இன்னைக்குத்தான் நீரு சொல்லி ஒரு நிசத்த எழுதிருக்கேன், அதும் இப்படி ஒரு நிசம். இனிமே உம்ம விசயத்த நீரே எழுதும்" என்றார். "எழுத்தே தெரியாதவன் எப்படி அண்ணாச்சி எழுத?" என்றேன். "தெரிஞ்சுக்கிடும். சாரல் முடிஞ்சா ஒமக்கு என்ன சோலி? யாரு முதுகு காத்துக்கிட்டுக் கெடக்கு?" என்றார். அப்படித்தான் தொடங்கியது. அருவி நூலாகிப் போகிற மாதங்களில் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். லாட்ஜுப் பலகைகள், சோப்பு உறைகள், ரயில் ஸ்டேஷன் சுவர் எல்லாம் என் பாடப் புத்தகம். ஒரு வாடிக்கை போய்விட்டது என்று இப்போது அவர்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். நீ அடுத்த தரம் வரும்போது அவரைப் போய்ப் பார்.

இனி முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கு இரும்பு கொடுத்தது குற்றம் என்றால் முதல் குற்றவாளி நான், நீ இல்லை. உனக்கு அப்போது பதினேழு வயது. அம்மா வெளுத்துக்கொண்டே வந்தாள். அடிக்கடி காய்ச்சல் வரும், வேர்த்து விடும். மலையடிவாரத்தில் காய்ச்சல் வராத வீடு ஏது? நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிப்பேட்டையிலிருந்து ஒரு பழைய கடையாணி கேட்டு வாங்கிவந்து, அடுப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சி, மோரில் போட்டுக் கொடுத்தேன். வெளுப்புக்கு நம் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். நீயும் பார்த்திருக்கிறாய், மோர்ச் செம்பு சீறும்போது அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். "வண்டி மாடு மாதிரி எனக்கும் ஆணி அடிக்காக" என்பாள். ஒரு வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் கொடுத்தேன். வெளுப்பு போகவில்லை. போகாததைப் பார்த்து மோரை நிறுத்தினேனா? இல்லை, ஒரு கடையாணியை இரண்டாக்கினேன்.

இன்னொன்றும் செய்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்றாள், எண்ணெய் தேய்த்துவிட்டேன். இருபது வருஷம் ஊரார் உடம்பெல்லாம் தொட்ட கை இது. எந்தச் செட்டியாருக்கு எந்தத் தோள் பிசகு, எந்த வக்கீலுக்கு எந்த முட்டி வலி என்று தொட்டாலே சொல்லிவிடுவேன். என் வீட்டில் இருப்பவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் இந்தக் கைக்குத் தெரிந்தது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே கெட்டியாக ஒரு விளிம்பு, உள்ளங்கை அகலத்துக்கு. அடிக்கடி காய்ச்சல் கண்டால் வருகிற காய்ச்சல்கட்டி என்று நானே முடிவு செய்தேன். என் கை தொட்டுக் கரையாத கட்டி எது என்று ஒரு திமிர். பதினைந்து நாள் தினமும் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உன் அம்மா என்னிடம் வலிக்கிறது என்று சொல்லவில்லை. வலிக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

அந்தச் சாரலில்தான் டாக்டர் ஐயா வந்தார். தென்காசியில் வைத்தியம் பார்க்கிறவர், உனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சாரலுக்கும் ஞாயிற்றுக்கிழமை பாறையில் குப்புறப் படுத்துக்கொள்வார், நான் தேய்ப்பேன். "என்னவே, கையி இன்னைக்கு ஓட மாட்டேங்கு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கட்டியை அழுத்தித் தேய்க்கிறேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, எண்ணெயோடு துள்ளி எழுந்துவிட்டார். "கோட்டிக்காரப் பயலா நீரு? அது மண்ணீரலுவே. கிழிஞ்சா உள்ளயே ரத்தம் கொட்டி அந்தால போயிருவா. இனி அதத் தொட்டீரு, ஒம்ம கைய ஒடிச்சிருவேன். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாரும்" என்றார். பாதி எண்ணெயோடு அருவிக்குப் போன ஆள் அவர் ஒருவர்தான்.

மறுநாள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துக் குழாய் வழியாக வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு என்ன தெரிந்தது, புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகிவிட்டன, இதற்கு லுக்கேமியா என்று பேர், மாறுகிற நோய் இல்லை, ஆனால் இவளுக்கு வந்திருப்பது மெதுவாகப் போகிற வகை, வருஷக் கணக்கில் ஓடும் என்றார். நான் கடையாணி மோரைச் சொன்னேன். இன்னும் எத்தனை ஆணி காய்ச்ச வேண்டும் என்று கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், சிரித்துவிட்டார். "சாரல் கூட்டத்துல சத்திரத்தப் பாத்திருக்கீரா? உள்ள அரிசி மூடமூடையா இருக்கு. சமையக்காரனும் இருக்கான். ஆனா வந்தவனெல்லாம் அடுப்படி வரைக்கும் துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தா, அவன் எங்க அடுப்பு மூட்டுவான்? ஒம்ம வீட்டுக்காரி உடம்புல இரும்பு இருக்குவே, வேண்டிய மட்டும் இருக்கு. செவப்பு ரத்தம் ஊறுத எடத்துல வெள்ளக்காரன் வந்து படுத்துக்கிட்டான். நீரு மேலமேல அரிசி மூடையக் கொண்டு போட்டா என்ன பிரயோசனம்?" என்றார். அம்மா அந்த நிலையிலும், "வெள்ளக்காரன் ஊருக்குள்ளதான் இருக்கான்னு பாத்தா எனக்குள்ளயுமா?" என்றாள். டாக்டர் ஐயா அவள் வாய்க்குப் பயந்துகொண்டே வைத்தியம் பார்த்தார். அன்றைக்கு நீ கூட இல்லை, இரும்பைப் பற்றி அவர் சொன்னதை நானும் உனக்குச் சொல்லவில்லை.

பாஷாணம் கலந்த துளி மருந்து கொடுத்தார். மூன்று துளியில் தொடங்கி நாளுக்கு ஒரு துளி கூட்ட வேண்டும், கண்ணிமை வீங்கினால் குறைக்க வேண்டும். விஷ மருந்து என்றதும் அளந்து கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டவன் நீ. விளையாடப் போகிற வயதில் வேளைக்கு வேளை வந்து, குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளி எண்ணுவாய். "பேசாதீய அய்யா, எண்ணிக்கை தப்பிரும்" என்பாய். கட்டி சுருங்கியது, காய்ச்சல் விட்டது, மறுபடி தண்ணீர்க்குடம் எடுத்தாள். டாக்டர் ஐயா மூன்று சாரல் பார்த்தால் பெரிது என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் ஏழு சாரல் பார்த்தாள். அதில் நீ எண்ணிய துளிகள் எத்தனை என்று கணக்கில்லை. எனக்கு வேண்டியவர்களில் யாருக்கெல்லாம் நான் நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தால் உன் பேர்தான் முதலில் வருகிறது. இதை உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. நேரில் சொல்ல வராதது பென்சில் பிடித்தால் வருகிறது.

நீ பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தின மாசம் நடந்தது நினைவிருக்கும். மூக்கில் ரத்தம் நிற்காமல் போய், துணி மாதிரி வெளுத்துவிட்டாள். டாக்டர் ஐயா சீட்டு எழுதிக் கொடுத்து, ரயிலில் ஏற்றித் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வேறு ஆள் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் ரத்தத்தைப் பார்த்தார்கள், சேரவில்லை. கூட்டாளிகள் விளையாட்டில் சேர்க்காத பையன் மாதிரி வெளியே வந்து நின்றேன். உன்னுடையது சேர்ந்தது. அடுத்த கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாய். பாட்டிலில் எடுத்துத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். கொஞ்சம் கண் தெளிந்ததும், "ஏலே, உன் ரத்தம் என்ன, ஐந்தருவித் தண்ணி மாதிரி இம்புட்டு குளுகுளுன்னு ஏறுது?" என்று கேட்டாள். நீ, "பேசாம படும்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். இந்த ரத்தத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் நாலாம் மாசம் முதல் டானிக் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி, உடையாமல் வந்தது. கூடவே வந்த கடிதத்தில் இது இங்கே பெரிய அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் குடிக்கிறது, நல்ல ரத்தம் ஊறும், மாதாமாதம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். டாக்டர் ஐயாவிடம் காட்டினேன். "இரும்புவே. இவளுக்கு வேண்டாம். வயித்தத்தான் கெடுக்கும்" என்றார். உனக்கு எழுதி நிறுத்தச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "எங்க போறீய?" "டானிக் வேண்டாம்னு எழுதிப்போட." "ஏங்க, ஒங்களுக்குப் புத்தி இருக்கா? அவன் அங்கன குண்டுக்கும் வெடிக்கும் நடுவுல கெடக்கான். அம்மாவுக்கு ஒண்ணு அனுப்புதோம்ங்கிற நெனப்புல ஒரு மாசத்தத் தள்ளுதான். அதையும் வேண்டாம்னா அவன் எதப் புடிச்சிக்கிட்டு நிப்பான்? குடிக்கேன்னு எழுதுங்க. நல்லா இருக்குன்னு எழுதுங்க." நான் எழுதவைத்தேன். அவள் சொன்னாள் என்று பழியை அவள்மேல் போட மாட்டேன். சொன்னது அவள், தபாலாபீஸ் வரை நடந்து போனது என் கால்.

அந்தப் பாட்டில்கள் எங்கே போயின என்று இப்போது கேள். நம் தெருவில் இசக்கியம்மா தெரியுமே, செங்கோட்டை ரோட்டில் தேங்காய் உரிக்கப் போகிறவள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். முகம் சுண்ணாம்பு மாதிரி, கால் வீங்கி, அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். உன் அம்மா டாக்டர் ஐயா செய்வது போலவே அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, நேரே அவரிடம் கூட்டிப் போனாள். "இவளுக்கு அடுப்படி காலியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றாள். அவர் ரத்தம் பார்த்துவிட்டு, "இவளுக்கு வேண்டியது இதுதான், ஓம் மவன் அனுப்பினதக் குடு" என்றார். டானிக் பல்லைக் கறுப்பாக்கியது. அதற்குச் சிற்றாற்றங்கரையில் நாணல் தண்டு ஒடித்துவந்து, அதை வைத்து உறிஞ்சச் சொன்னாள். இரண்டு பாட்டிலில் இசக்கியம்மா மூஞ்சி தெளிந்து, நல்லபடியாக ஒரு பெண்ணைப் பெற்றாள். அதற்கு முந்தி இரண்டு பிள்ளை தங்காமல் போனவள் அவள். அதன்பிறகு உன் பெட்டி எப்போது வரும் என்று தெருவே காத்திருந்தது. ஒவ்வொருத்தியையும் இமையை இழுத்துப் பார்த்து, டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் கொடுப்பாள். வேண்டாம் என்று அவர் சொன்ன ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "உனக்குக் குறை இரும்பு இல்லட்டி, சோறு. வா, வந்து சாப்பிடு" என்று சொல்லி உட்காரவைத்துப் போட்டாள். தலைக்குத் தண்ணி ஊற்றக்கூடத் தெம்பில்லாத நாளிலும் வாசலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "என் மவன் இந்தத் தெருவுக்கே ரத்தம் அனுப்புதான்" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லுவாள். பெரிய கௌரவம் அவளுக்கு.

அவள் போனது ஏழாம் சாரல் முடிகிற சமயம். கடைசி மாதங்களில் துளி மருந்தும் கேட்கவில்லை. ஆனால் வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பகலில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. உனக்கு லீவு கிடைத்து வந்து சேர பன்னிரண்டு நாள் ஆயிற்று. நீ வந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "டானிக்க கடைசி வரைக்கும் ஒழுங்கா குடிச்சாளா அய்யா?" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கையில் கிடைத்த ஆறுதலைக் கொடுத்துவிடுவோம் என்று, "குடிச்சாப்பா, ஒரு வேளை விடல" என்றேன். என் வாழ்க்கையில் செய்த தப்புகளில் கடையாணியைவிட, கட்டியைத் தேய்த்ததைவிடப் பெரியது இதுதான். உன் மனசுக்கு அப்போது என்ன வேண்டும் என்று கேட்காமல் நானாக ஒன்றைக் காய்ச்சி ஊற்றினேன். அது உனக்குள்ளேயே தங்கி இத்தனை நாள் அறுத்திருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் நன்றாகக் கோபப்படு, வாங்கிக்கொள்கிறேன்.

பொன்னுத்தாய் கடிதத்தோடு போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஐயாவிடம் பேசினேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் அதே பாறை, அதே குப்புறப் படுக்கை. தேய்த்துக்கொண்டே கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நான் வாசிப்பதைக் கேட்டு முதலில் ஆச்சரியப்பட்டார், அப்புறம் கோபப்பட்டார். "எந்தக் கோட்டிக்காரக் கம்பவுண்டர்வே அப்படிச் சொன்னது? குடிச்சிருந்தாலும் அதுனால செத்திருக்க மாட்டா. பிரயோசனம் இருந்திருக்காது, வயிறு கட்டிக்கிட்டிருக்கும், அம்புட்டுத்தான். நோய் கொண்டு போச்சு. இரும்பு இல்ல" என்றார். "அப்போ என் மருமவளுக்கு?" என்றேன். "அது வேற கததானவே. இங்க அடுப்பு காலியா இருக்கு. சமையக்காரன் கரண்டியோட நிக்கான். அரிசிதான் இல்ல, வயித்துப் பிள்ள தனக்கு வேண்டியத எடுத்துக்கிட்டே இருக்குல்லா. ரத்தம் பாத்துத்தான எழுதிக் குடுத்திருக்கா அந்த டாக்டரம்மா? பெறகென்ன யோசன? இன்னைக்கே குடுக்கச் சொல்லும் அந்தப் பயல. பிரசவத்துல ரத்தம் போச்சுன்னா தாங்குததுக்கு உள்ள சரக்கு வேணும்" என்றார்.

அதற்கப்புறம் நான் கேட்ட கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். "அன்னைக்கு இவன் ஆஸ்பத்திரில குடுத்த ரத்தம் என்ன ஆச்சு ஐயா? அதுவும் வீணாத்தான் போச்சா?" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து சொன்னார். "அந்த ரத்தம் அவளுக்கு மூணு நாலு மாசம் ஓடியிருக்கும்வே. பெறகு அணு ஒவ்வொண்ணா ஒடையும். ஆனா அதுக்குள்ள இருக்கிற இரும்ப உடம்பு வெளிய விடாது. தூரப் போடுத பழக்கமே அதுக்குக் கெடையாது. எடுத்துப் பத்திரமா வச்சுக்கிடும். பிறகு ரத்தம் சிந்துன வகையில கொஞ்சம் போயிருக்கும். மத்தது எங்கயும் போகல. ஒம்ம மவன் குடுத்த இரும்பு அவ கண்ண மூடுத வரைக்கும் அவகிட்டயேதான் இருந்துச்சு." என் கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மகனே, நீ பாட்டிலில் அனுப்பியதை அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கையை நீட்டிக் கொடுத்ததை அவள் கடைசி வரை விடவில்லை. இரண்டுமே நிஜம். இதை உனக்குச் சொல்லக் கொடுத்துவைத்தேனே, அதற்காகத்தான் சண்முகம் அண்ணாச்சி என்னைப் படிக்கவைத்தார் போலிருக்கிறது.

இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் டானிக் வாங்கிவா. பொன்னுத்தாய்க்கு உன் கையாலேயே அளந்து கொடு, நீ துளி எண்ணினவன், தப்பாது. சாப்பிட்ட பிறகு கொடு. பல் கறுக்காமல் இருக்க நாணல் தண்டு அங்கே கிடைக்காவிட்டால் ஏதாவது குழாய் வைத்துக்கொள்ளச் சொல். வெளிக்குக் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் ஐயா சொன்னார். அப்புறம் எனக்கு ஒரு கடிதம் போடு. பெரிய எழுத்தாக எழுது. நான்தான் வாசிப்பேன்.

பிள்ளை பிறந்து, பயணம் போகிற பருவம் வந்ததும் மூன்று பேரும் இங்கே வாருங்கள். நான் எழுதினதில் உனக்கு இன்னும் நம்பிக்கை வராவிட்டால், ஏற்கெனவே உன்னிடம் பொய் சொன்னவன்தானே நான், என் வார்த்தையை விட்டுவிடு. இசக்கியம்மா பெற்ற பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது. கோயிலில் வைத்த பேர் வேறு, உன் அம்மா கூப்பிட்ட பேர்தான் தெருவில் நிலைத்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கி நேரே நம் தெருவுக்கு வா. முக்கில் நின்று, "ஏட்டி டானிக்கு!" என்று ஒரு சத்தம் கொடு. கன்னம் சிவக்க ஓடிவந்து, யார் கூப்பிட்டது என்று உன்னை அண்ணாந்து பார்க்கும். அவளிடம் கேட்டுக்கொள்.

உன் அய்யா